மாதிரி நான்கு

ஆறு உறைகள். ஆறிலும் கம்பெனிப் பெயரைக் கறுப்படித்து
மார்க்கரால் எண் போட்டிருந்தார் கானோல்கர்.
பெரியவர்களுக்கான டயப்பர், நடுத்தர அளவு,
குர்லா பக்கத்து மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் மூன்றுக்கும் சேர்த்து
வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

உப்புத் தண்ணீரில் நீல மை கலந்து
முந்நூறு மில்லி ஊற்றுவது என் வேலை.
ஒரு நிமிடம் கழித்து ஒற்றுத்தாள்,
தாளின் மேல் ஒரு கிலோ எடைக்கல்.
தாளில் நீலம் ஏற ஏற
மதிப்பெண் இறங்கும்.

எடைக்கல் புரண்டு படுப்பதில்லை.
பார்வையாளர் நேரத்தில் மருமகன் வந்து நின்றால்
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வதில்லை.

நான்கு தேறியது.
ஓரத்தில், தொடை வரும் இடத்தில் மட்டும்
நீலமாக ஒரு முடி ஓடியது.
"நீங்க வெச்சதுல கோணல்" என்றார் டாக்டர் பட்னிஸ்.

மிச்சமிருந்த நான்கில் ஒன்றை
மறுநாள் டூட்டி முடிந்து நானே கட்டிக்கொண்டேன்.
இரண்டு பிரசவம் கண்ட உடம்பு,
தும்மினால் எனக்கே ஒரு சொட்டு உண்டு.
ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு
ஹார்பர் லைனில் பெண்கள் பெட்டி ஏறினேன்.

மொறமொறவென்று சத்தம்.
கிளிப் விற்கிறவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
சத்தத்துக்கு எங்கள் படிவத்தில் மதிப்பெண் கிடையாது.

சுனாபட்டி தாண்டியும் விட முடியவில்லை.
நாற்பத்தாறு வருஷம் அடக்கிப் பழகியது
சொன்னால் கேட்குமா?
கண்ணை மூடி, வேறு எதையோ,
கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும் என்பதை நினைத்தபோது
தானாகப் போனது.
முதலில் சூடு. பிறகு,
வடாலா பிளாட்பாரத்தில் காற்று பட்டதும்,
இடது தொடையில் அந்த முடி
ஈரமாக, ஜில்லென்று.

வியாழக்கிழமை விலை உறை பிரித்தார்கள்.
நான்கு: பதினைந்து ரூபாய் நாற்பது காசு.
இரண்டு: இருபத்தொன்று பத்து.
நான்கைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம்.

"நான்கு ஒரு நாளைக்கு ஐந்து ஆகும் சார்.
இரண்டு என்றால் மூன்று போதும். பெருக்கிப் பாருங்கள்."
பெருக்கினார். எழுபத்தேழு.
அறுபத்துமூன்று முப்பது.
"படிவத்துல ஒரு பீஸ் விலைக்குத்தான் கட்டம் இருக்கு சிஸ்டர்.
ஒரு நாளுக்குக் கட்டம் இல்ல."

நனைந்த விரிப்பு சலவைக் கணக்கில் போகும்.
படுக்கைப் புண் டிரஸ்ஸிங் கணக்கில்.
நாளைக்கு நாற்பது முறை குனியும்
ஷேவந்தாபாயின் இடுப்பு
எந்தக் கணக்கில் என்று நானும் தேடிவிட்டேன்.

பதினோராவது வார்டு, ஆறாம் கட்டில், வெள்ளத்தாய்.
தாராவியில் முறுக்கு போட்டவள், இடுப்பெலும்பு முறிந்து வந்தவள்.
மூன்று நாளாக டம்ளர் நிரம்பியபடியே இருக்கிறது.
"குடிச்சா ஒங்களுக்குத்தான சங்கடம்" என்கிறாள்.
அவள் நாக்கு வெடித்திருக்கிறது.
டயப்பர் காய்ந்தே இருக்கிறது.
தண்ணீர் குடிக்காதவளிடம்
எந்த மாதிரியும் தேறும்.

குறிப்புரைக்கு இரண்டு அங்குல இடம்.
கசிவு, சத்தம், ஒரு நாள் செலவு, வெள்ளத்தாயின் டம்ளர்
எல்லாம் எழுதினேன், ஓரங்களில் ஏறி,
எனக்குத் தெரிந்த மராத்தியில்.
ரயிலை மட்டும் எழுதவில்லை.
'விளக்கம் பெற' என்று முத்திரை குத்தி
கோப்பு ஒரு மாடி கீழே போயிருக்கிறது.
அதுவரை வார்டில் பழைய வேட்டியை மடித்து வைக்கிறோம்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கானோல்கர்
தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:
"அந்த ரெண்டாம் நம்பர்... வெளியில எந்தக் கடையில கிடைக்கும்?"
சொன்னேன்.
"என்ன அளவு?" என்றேன்.
ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பட்டனை
மறுபடி அழுத்தினார்.